ரிசல்ட்டுக்கு முந்தின ஆறு மாதம்

(கோவில்பட்டியில் பிளஸ் டூ மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த ஒரு டிசம்பர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாதிரிக் கூட்டங்களில் மேடையேறுகிறவர்கள், எதைப் படிக்கலாம் என்றுதான் பேசுவார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸா, நர்சிங்கா, வேளாண்மையா, இல்லை பி.காம். போதுமா என்று. அதைச் சொல்ல இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். என்ன படிப்பது என்று முடிவு செய்துவிட்டு, அதற்கான மதிப்பெண்ணும் வாங்கிவிட்டு, அப்புறமும் போய்ச் சேர முடியாமல் நின்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தான் நான் வந்தேன்.

2025ஆம் ஆண்டு பொறியியல் கலந்தாய்வுக்கு இணையத்தில் பெயர் பதிந்தவர்கள் மூன்று லட்சத்துக்குச் சற்று மேலே. தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்தது சுமார் 2,41,000 பேருக்கு. நடுவில் அறுபதாயிரம் பேரைக் காணோம். அத்தனை பேரும் தவறவிட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு மனசு மாறியிருக்கும், வேறு படிப்பில் இடம் கிடைத்திருக்கும். கடவுச்சொல்லை மறந்துவிட்டு இரண்டாவது கணக்குத் தொடங்கியவர்களும் இருப்பார்கள். ஆனால் பதிந்துவிட்டுப் பணம் கட்டாதவர்கள், பணம் கட்டிவிட்டுச் சான்றிதழ் ஏற்றாதவர்கள் என்று ஒரு கூட்டமும் அதற்குள் இருக்கிறது. அவர்களை வெளியே நிறுத்தியது கணக்குப் பாடமோ வேதியியலோ இல்லை. ஏதோ ஒரு தாள், ஏதோ ஒரு தேதி.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் படிவம் வாங்க ஒரு வரிசை, டிடி எடுக்க வங்கியில் ஒரு வரிசை, நகலில் சான்றொப்பம் வாங்க கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் ஒரு வரிசை. பக்கத்து நல்லாட்டின்புத்தூரில் நேஷனல் பொறியியல் கல்லூரி 1984இல் வந்தது. தமிழ்நாட்டில் தனியார் பொறியியல் கல்லூரிகள் முளைக்கத் தொடங்கிய காலம் அது. ஒவ்வொரு கல்லூரியாக ஏறி இறங்கிய அலைச்சலுக்கு, 1997இல் வந்த ஒற்றைச் சாளர முறைதான் முடிவு கட்டியது. அதன் பிறகு இருபது வருஷம், கலந்தாய்வு என்றால் சென்னைக்கு ரயிலேறுவது. அப்பா, மகள், துணைக்கு ஒரு மாமா. எழும்பூரில் இறங்கிக் கிண்டிக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முறை வந்ததும் உள்ளே போனால் கணினி முன்னால் ஓர் ஊழியர் இருப்பார். பிள்ளை சொல்வதைக் கேட்டு அவர் பட்டனை அழுத்துவார். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

2018இல் எல்லாம் இணையத்துக்கு வந்தது. நல்லதுதான். ரயில் செலவு போயிற்று, இரண்டு நாள் கூலி மிச்சம். ஆனால் அந்தக் கணினிக்கு முன்னால் இருந்த ஆளும் போய்விட்டார். அவர் செய்த வேலை இப்போது பதினேழு வயதுப் பிள்ளையின் கையில், வீட்டில் இருக்கிற ஒரே செல்போனில். அந்தப் போனும் பாதி நேரம் அப்பாவோடு திருப்பூரில் இருக்கிறது.

இரண்டு வீடுகளைச் சொல்கிறேன். எந்த வீடு யாருடையது என்று நீங்களே பொருத்திக்கொள்ளுங்கள். ஒன்றில் அப்பா ஆசிரியர், அம்மா வங்கியில். அந்த வீட்டில் பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒரு ஃபைல் இருக்கிறது. ஜாதிச் சான்றிதழ் ஆறாம் வகுப்பிலேயே எடுத்தாயிற்று. ஆதாரில் இனிஷியல் தப்பாக இருந்ததை அம்மா எப்போதோ திருத்திவிட்டாள். பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. அவன் சேர்க்கைக்குப் போகும்போது தாள்கள் தாமாக வருகின்றன. அப்பிள்ளையை எல்லோரும் பொறுப்பான பையன் என்கிறார்கள்.

இன்னொரு வீட்டில் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். அப்பா லாரியில், அல்லது கோயம்புத்தூர் பக்கம் மில்லில். ரேஷன் கார்டு, பட்டா நகல், பாட்டியின் முதியோர் பென்ஷன் தாள், பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் ஒரே மஞ்சப்பையில், பரண்மேல் தகரப்பெட்டிக்குள் கிடக்கின்றன. கல்லூரிப் படி ஏறியவர் அந்த வம்சத்தில் யாரும் இல்லை. இந்த வீட்டுப் பிள்ளை தேதியைத் தவறவிட்டால் பொறுப்பில்லாதவன் என்று பெயர் வாங்குகிறான். முதல் வீட்டில் இரண்டு பெரியவர்கள் பதினேழு வருஷமாகச் செய்த வேலையை இவன் தனியாக ஒரு மாதத்தில் செய்தாக வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே ஒழுங்கு என்பதைக் குணமாகப் பார்க்காதீர்கள். அது ஒரு வேலை. யாராவது, எப்போதாவது செய்தாக வேண்டிய வேலை. எப்போது செய்வது என்பதற்கு வெளியே பாடம் படிக்கப் போக வேண்டாம். நம் காட்டிலேயே இருக்கிறது.

கரிசலில் மழை பெய்துவிட்டால் மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. மண் களியாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நம் சம்சாரிகள் புரட்டாசியிலேயே, வானத்தில் மேகம் கூடுவதற்கு முன்னாலேயே, காய்ந்த புழுதியில் விதைத்துவிடுகிறார்கள். விதை உள்ளே கிடக்கும். நல்ல மழை விழுந்த அன்றைக்கு முளைக்கும். 1901இல் தொடங்கிய நம்மூர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் இதைத்தான் பருவமழைக்கு முந்தின விதைப்பு என்று ஆராய்ந்து, விதையைக் கடினப்படுத்தி ஆழமாக விதைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. அதற்குப் பிறகு தாலுகா ஆபீஸ் நம் கரிசல் மாதிரி ஆகிவிடும். கால் வைக்க முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். ரிசல்ட் வந்த வாரம் தாலுகாவிலுள்ள எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் அதே சான்றிதழ்கள் தேவைப்படுகின்றன. இ-சேவை மையத்தில் கூட்டம், சர்வர் மெதுவாகிறது. நம் விண்ணப்பம் அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலருக்குப் போகிறது. அவரிடம் இரண்டு மூன்று ஊர்ப் பொறுப்பு இருக்கலாம். அவர் பார்த்த பிறகு வருவாய் ஆய்வாளர், அதன் பிறகு மண்டலத் துணை வட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர். அதே மே, ஜூன் மாதங்களில்தான் ஜமாபந்தி நடக்கும். வருவாய்த் துறையே கிராமக் கணக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் நம் பிள்ளையின் சான்றிதழ் ஒரு மேசையில் நான்கு நாள் தங்கினால் யாரைக் குற்றம் சொல்வது?

டிசம்பரில் போய்ப் பாருங்கள். அதே அலுவலகம், அதே அறுபது ரூபாய்க் கட்டணம். வேலை சீக்கிரம் முடியும்.

இப்போதே எடுக்க வேண்டியவை எவை, எடுக்கக் கூடாதவை எவை? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஜாதிச் சான்றிதழ் நிரந்தரமானது. பழைய அட்டைதான் இருக்கிறது என்றால் இணையச் சான்றாக இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். பழங்குடியினராக இருந்தால் சான்றிதழ் தருகிற அதிகாரம் கோட்டாட்சியருக்கு. விசாரணை உண்டு, காலம் பிடிக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றும் இப்போதே எடுக்க வேண்டியது. 2010இலிருந்து இருக்கிற சலுகை அது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளைக்கு, கலந்தாய்வில் கிடைத்த தொழிற்கல்வி இடத்துக்குக் கல்விக் கட்டணத்தில் கழிவு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அக்கா ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பிக்குக் கிடையாது. வீட்டிலுள்ளவர்கள் எதுவரை படித்தார்கள் என்பதற்குத் தாள் கேட்பார்கள். அண்ணன் பாதியில் நின்ற பள்ளியிலிருந்து அவனுடைய மாற்றுச் சான்றிதழைத் தேடுவதற்கே ஒரு வாரம் ஆகலாம்.

வருமானச் சான்று அப்படியில்லை. அதற்கு ஆயுள் ஓராண்டு. இன்றைக்கு எடுத்தால் அடுத்த வருஷம் உதவித்தொகை கேட்கும்போது காலாவதியாகி நிற்கும். ஏப்ரலில் எடுங்கள். மத்திய அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் மாநிலத்துப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் ஐஐடியிலும் என்ஐடியிலும் செல்லாது. ஓபிசி சான்றிதழ் என்று தனியாக ஒன்று, மத்திய அரசுப் படிவத்தில் வேண்டும். அதுவும் அந்த வருஷம் ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல ரேங்க் வாங்கிவிட்டுப் பொதுப் பிரிவுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகள் உண்டு.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீடு பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இலும் வந்த சட்டங்கள் அவை. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கோவில்பட்டியில் அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அங்கே சம்பளம் அரசு கொடுக்கிறது, அதனால் இதுவும் அரசுப் பள்ளிதானே என்று பெற்றோர் நினைக்கிறார்கள். இந்த ஒதுக்கீட்டுக்கு அது பொருந்தாது. ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டத்தில் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளும் இப்போது வருகிறார்கள். அந்த விரிவாக்கத்தை 2024 டிசம்பர் 30 அன்று நம் தூத்துக்குடியில்தான் தொடங்கிவைத்தார்கள். எதில் நாம் வருகிறோம், எதில் வரவில்லை என்று முன்னாலேயே தெரிந்துகொண்டால், வராத சான்றிதழுக்கு அலைகிற கூலி நாளாவது மிஞ்சும்.

கூலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பொறியியல் கலந்தாய்வுப் பதிவுக்கு 500 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. அரசு கலைக் கல்லூரிக்கு 50 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதிலும் 2 ரூபாய்தான். பெரிய தொகை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விளாத்திகுளம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கையெழுத்துக்காக மூன்று தடவை பஸ் ஏறினால், மூன்று நாள் கூலி போச்சு. உண்மையான விண்ணப்பக் கட்டணம் அதுதான். இங்கே அரசாங்கத்தையும் கேட்டாக வேண்டும். வருவாய்த் துறை கொடுத்த சான்றிதழை உயர்கல்வித் துறைக்கு நாம் ஏன் படம் பிடித்து ஏற்ற வேண்டும்? சான்றிதழ் எண்ணைப் போட்டால் அவர்களே பார்த்துக்கொள்ள முடியாதா? பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த வகுப்புப் படித்தது என்பது எமிஸ் எண்ணில் அரசிடமே இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த வழிக்கு வருகிறார்கள். இன்னும் வேகமாக வரலாம்.

அடுத்து, பெயர். இது நம் ஊர் வியாதி. பள்ளியில் எஸ். முத்துமாரி. ஆதாரில் முத்துமாரி சண்முகம். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. ஜாதிச் சான்றிதழில் முத்துமாரியம்மாள். நமக்கு நால்வரும் ஒருத்திதான். கணினிக்கு நான்கு பேர். பிறந்த தேதியிலும் அப்படி, ஆதாருக்காக யாரோ சொன்ன ஜூன் மாதத் தேதி ஒன்று இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருக்கிற பெயரையும் தேதியையும் மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்குச் சரிசெய்யுங்கள். இன்று இரவே வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து ஒத்துப் பாருங்கள். கண்ணாடி போட்ட தாத்தா இருந்தால் அவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

போன் எண்ணும் மின்னஞ்சலும் இதைவிடப் பெரிய ஆபத்து. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் ப்ரௌசிங் சென்டரில் விண்ணப்பிக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கிற அண்ணன் நல்லவர்தான். கூட்டம் அதிகம், அவசரம். மின்னஞ்சல் முகவரியை அவரே உண்டாக்கிவிடுவார், கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். சில சமயம் போன் எண்கூட அவருடையதாகவே இருக்கும். பிறகு இடம் ஒதுக்கிய செய்தி அவருக்கு வருகிறது. அவர் அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சலை நீங்களே தொடங்குங்கள். ஒரே ஒரு எண், அடுத்த டிசம்பர் வரை ரீசார்ஜ் நிற்காத எண், அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். அது அப்பாவிடம் இருக்கிற எண்ணாக இருந்தால், மே முதல் ஆகஸ்ட் வரை ஓடிபி வந்தால் உடனே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் இப்போதே பேசிவையுங்கள். லாரி ஓட்டுகிறபோது வேண்டாம், நிறுத்திவிட்டு.

ஒரு நோட்டு போதும். நாற்பது பக்க நோட்டு. எந்த விண்ணப்பம், என்றைக்குப் போட்டது, விண்ணப்ப எண், கடவுச்சொல், எவ்வளவு கட்டியது, அடுத்த தேதி என்ன, அவ்வளவும் பேனாவில். போனில் செயலி இருக்கிறதே என்று கேட்கலாம். போன் உடையும், தம்பி விளையாடி எதையாவது அழிப்பான். நோட்டைத் திறக்க சார்ஜ் வேண்டாம், ஓடிபி வேண்டாம். அசல் சான்றிதழ்களுக்கு ஒரு ஃபைல், நகல்களுக்கு இன்னொன்று. அசலை லேமினேஷன் செய்யாதீர்கள். கல்லூரியில் அசலைக் கொடுத்தால் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியிருக்கிறது. தயங்காமல் கேட்டு வாங்குங்கள். ஹாக்கி மட்டையைப் பிடித்த பிள்ளைகள் இந்த ஊரில் அதிகம். விளையாட்டு ஒதுக்கீடு கேட்கிறவர்கள் போட்டிச் சான்றிதழ்களைத் தனியாக, வருஷ வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குச் சரிபார்ப்பும் தனி.

தேதிகள் பற்றி நம் ஊரில் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. ரிசல்ட் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது. கலைக் கல்லூரிக்கும் பொறியியலுக்கும் அது பெருமளவு உண்மை. மற்ற பல கதவுகள் நாம் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறபோதே அடைத்துவிடுகின்றன. ஜேஇஇ முதல் அமர்வுக்கு விண்ணப்பம் தீபாவளியை ஒட்டிய வாரங்களில் தொடங்கி இப்போது முடிந்தே விட்டது. இரண்டாம் அமர்வு இருக்கிறது, பிப்ரவரியில் கவனியுங்கள். நீட் விண்ணப்பமும் பிப்ரவரி, மார்ச்சில்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் விண்ணப்பத்தையும் தவறவிடாதீர்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே நடந்துவிடும். பள்ளி நோட்டீஸ் போர்டில் இந்தத் தேதிகளைச் சாக்பீசால் எழுதிப்போடுகிற ஓர் ஆசிரியர் இருந்தால் அந்தப் பள்ளிக்கு நான் கும்பிடு போடுவேன்.

கல்லூரி வரிசை கொடுக்கிற கட்டத்துக்கு வருகிறேன். பொறியியல் கலந்தாய்வில் அதுதான் இதயம், அதைத்தான் ராத்திரி பதினொரு மணிக்கு அவசரமாகச் செய்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் பாதி பயம் போய்விடும். கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, மொத்தம் இருநூறுக்குக் கட்-ஆஃப். அதை வைத்துத் தரவரிசை. சமமாக வந்தால் பாட மதிப்பெண், பிறந்த தேதி என்று பார்த்துக் கடைசியில் சமவாய்ப்பு எண். கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் கொடுத்த பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் கீழே உள்ளது போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். போகாது. உங்களுக்கு எது மிகவும் பிடிக்குமோ அதை முதலில் போடுங்கள், அதற்கடுத்தது அடுத்து. பட்டியல் நீளமாக இருப்பதால் நஷ்டமில்லை. ஐந்தே ஐந்து கல்லூரி போட்டுவிட்டு ஒன்றும் கிடைக்காமல் நின்றவர்களைத்தான் பார்க்கிறோம். கல்லூரி எண்ணையும் பாடப்பிரிவுக் குறியீட்டையும் முதலில் தாளில் எழுதி, இரண்டு பேர் சரிபார்த்து, பிறகு ஏற்றுங்கள்.

இடம் ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று படுத்துவிடக் கூடாது. அது தற்காலிக ஒதுக்கீடு. ஏற்றுக்கொள்கிறேன், அல்லது ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன், அல்லது வேண்டாம் என்று குறித்த நேரத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் அந்த இடம் போய்விடும்.

வரிசை கொடுப்பதில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அது கணினியில் இல்லை, வீட்டில். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரமா, விடுதியில் தங்கலாமா என்பதை, வரிசை கொடுக்கிற கடைசி நாள் இரவில்தான் அப்பா யோசிக்கத் தொடங்குகிறார். நல்லாட்டின்புத்தூர் சரி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி சரி, தூத்துக்குடி வ.உ.சி. பொறியியல் கல்லூரி பரவாயில்லை, கோயம்புத்தூர் வேண்டவே வேண்டாம் என்று பேச்சு வளர்கிறது. அழுகை, பாட்டியின் ஆலோசனை, மணி பன்னிரண்டு. அந்தப் பேச்சைப் பொங்கல் விடுமுறையில் பேசி முடியுங்கள். அப்பாமார்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977இலிருந்து இருக்கிறது, எட்டயபுரத்தில் பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வாசலையாவது பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்காத இடத்தைப் பற்றித்தான் பயம் அதிகம்.

இவ்வளவு சான்றிதழ் எதற்கு என்று யாராவது எழுந்து எழுத்தாளர் கி.ரா.வைச் சொல்லலாம். பக்கத்து இடைசெவலில், பள்ளிப் படிப்பே முழுதாக இல்லாத மனிதர், கடைசியில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்காரவில்லையா, அவரிடம் எந்தச் சான்றிதழ் கேட்டார்கள் என்று. உண்மைதான். நீங்களும் அப்படி எழுதுங்கள், நானே வந்து சால்வை போடுகிறேன். அதுவரை வருமானச் சான்று வேண்டும்.

வெளிநாட்டு விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டு முடிவுக்கு வருகிறேன். அமெரிக்காவில் பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளும் இதே மாதிரித்தான் திணறுகிறார்கள். அவர்கள் கட்டுரை எழுத வேண்டும், ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும், கல்லூரிக்கொரு கடைசித் தேதி. 1975இல் பதினைந்து கல்லூரிகள் சேர்ந்து பொது விண்ணப்பம் என்று ஒன்றைத் தொடங்கின. அது வளர்ந்த பிறகும் தொல்லை தீரவில்லை. அங்கே கல்லூரி உதவிப் பணத்துக்கு அரசாங்கப் படிவம் ஒன்று உண்டு, அந்தக் காலத்தில் அது மிக நீளம். ஏழை வீட்டுப் பிள்ளைகளில் சிலர் அதற்குப் பயந்தே படிப்பை விட்டுவிட்டார்கள். 2008இல் பெட்டிங்கர் என்ற பொருளியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். வருமான வரிக் கணக்குப் போட்டுத் தருகிற ஹெச் அண்ட் ஆர் பிளாக் அலுவலகங்களுக்கு வந்த எளிய குடும்பங்களில் சிலருக்கு, அங்கேயே உட்காரவைத்து அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். சிலருக்கு, உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும் என்று தகவல் மட்டும் சொல்லி அனுப்பினார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், படிவம் நிரப்பிக் கொடுக்கப்பட்ட வீடுகளின் பிள்ளைகளில் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் நூற்றுக்கு 36. உதவி இல்லாத வீடுகளில் 28. தகவல் மட்டும் கேட்டுப் போனவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை.

கவனித்தீர்களா? சொல்வதால் நடக்கவில்லை. கூட உட்கார்ந்ததால் நடந்தது. அப்படிப் பார்த்தால் இவ்வளவு நேரம் நான் பேசியது அந்த இரண்டாவது ரகம்தான். தகவல். இதைக் கேட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளில் படித்த வீட்டுப் பிள்ளைகள் பயன்படுத்திக்கொள்வார்கள், அவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். மஞ்சப்பை வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். 2017 வரை கிண்டியில் கணினி முன்னால் இருந்தாரே, அவரை மாதிரி ஓர் ஆள்.

அரசு அதற்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பொறியியலுக்கு மாவட்டந்தோறும் சேவை மையங்கள் வைத்திருக்கிறார்கள். நான் முதல்வன், கல்லூரிக் கனவு, சேராமல் விட்டவர்களுக்கு உயர்வுக்குப் படி என்று திட்டங்கள் நடக்கின்றன. மையத்துக்குப் போகத் தெரிந்தவர்களுக்கு அவை உதவும். போகத் தெரியாதவர் வீட்டுக்கு யார் போவது?

இந்த அரங்கத்தில் பட்டம் வாங்கியவர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரியில் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிற அக்காக்கள், அண்ணன்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் தெருவிலோ சொந்த ஊரிலோ இந்த வருஷம் பிளஸ் டூ எழுதுகிற ஒரே ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டு. பொங்கலுக்குள் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய்ப் பெயர்களை ஒத்துப் பாருங்கள், முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். ஏப்ரலில் ஒரு தடவை வருமானச் சான்றுக்கு. ரிசல்ட் வந்த வாரம் ஒரு மாலை, வரிசை கொடுக்கிற நாளில் ஒரு மாலை. கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். உதவி வேண்டும் என்கிற பிள்ளைகள் ஒரு பக்கத்திலும், உதவத் தயார் என்கிறவர்கள் மறுபக்கத்திலும் பெயர் எழுதுங்கள். பெரியவர்கள் முதலில் எழுதுங்கள், பிள்ளைகள் கூச்சப்படுவார்கள்.